நோர்மாவுக்கு வாய்த்த குரல்

மரியா காலஸின் குரலை முதன்முறை கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஓப்பராவைப் பற்றிச் சிறிதளவே தெரிந்திருந்த நாட்களில், இத்தாலிய ரசிகர்கள் அவரைத் ‘தேவி’ என்றே அழைத்தார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, தேனாக வழியும் ஒரு குரலை எதிர்பார்த்து, 1954ஆம் ஆண்டு பதிவான ‘நோர்மா’ இசைத்தட்டை ஓடவிட்டேன். கீழ்ஸ்தாயியில் அந்தக் குரல் புகை படிந்தது போலக் கருத்து ஒலித்தது. நடுப்பகுதியில் யாரோ ஒரு புட்டிக்குள் வாயை வைத்துப் பாடுவது போல உள்ளடங்கி ஒலித்தது. மேலே போகப் போக அதில் உலோகத்தின் கூர்மை ஏறியது. மூன்று பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுப் பாடுவது போலிருந்தது என்று அன்று ஒரு நண்பரிடம் சொன்னேன். குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் மிகச் சரியான விளக்கத்தையே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

வின்சென்ஸோ பெல்லினி இசையமைத்து, ஃபெலிச்சே ரொமானி வரிகள் எழுதிய ‘நோர்மா’ 1831 டிசம்பர் 26 அன்று மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ரோமானியர் ஆளும் ‘கால்’ (Gaul) என்னும் பண்டைய பிரெஞ்சு நிலத்தில் கதை நடக்கிறது. துரூயித் என்னும் பழைய கெல்டிய சமயத்தைச் சேர்ந்த மக்களின் தலைமைப் பூசாரிணி நோர்மா, தன் மக்களுக்குப் பகைவனான ரோமானிய ஆளுநன் பொல்லியோனேயை மறைவில் காதலித்து, அவனுக்கு இரண்டு பிள்ளைகளையும் பெற்றிருக்கிறாள். போர் தொடுக்கும் நேரம் வந்துவிட்டதா என்று கேட்டு நிற்கும் வீரர்களிடம், இன்னும் வரவில்லை என்று தெய்வத்தின் பெயரால் அவள் தடுத்துக்கொண்டிருக்கும்போதே, அவனோ ஆதல்ஜீசா என்னும் இளம் பூசாரிணியின்பால் மனம் மாறிவிட்டான். துரோகம் வெளிப்படுகிறது, பிள்ளைகளைக் கொல்லக் கத்தியோடு வந்து கொல்ல மாட்டாமல் நிற்கிறாள், போருக்கு அழைப்பு விடுக்கிறாள், கடைசியில், சபதம் தவறிய பூசாரிணி யார் என்று மக்கள் கேட்கும்போது ஆதல்ஜீசாவைக் காட்டிக்கொடுக்காமல் தன் பெயரையே சொல்லிச் சிதையேறுகிறாள். அவளுடைய பெருமையை அப்போதுதான் உணர்ந்த பொல்லியோனேயும் அவளோடு நெருப்பில் புகுகிறான்.

இந்தப் பாத்திரம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அறியாமல் அதன் கடினத்தை அளக்க முடியாது. ஜூடிட்டா பாஸ்டா என்ற பாடகிக்காகவே பெல்லினி அதை எழுதினார். 1830 டிசம்பர் 26 அன்று தோனிசெத்தியின் ‘அன்னா பொலேனா’, 1831 மார்ச்சில் பெல்லினியின் ‘லா சொன்னாம்புலா’, அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ‘நோர்மா’ என்று, சரியாக ஓராண்டுக்குள் மூன்று பெரும் பாத்திரங்கள் அந்த ஒரே பெண்ணின் குரலிலிருந்து பிறந்தன. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் இங்கிலாந்து அரசி, தூக்கத்தில் நடக்கும் வெகுளியான கிராமத்துப் பெண், தன் மக்களையும் தெய்வத்தையும் ஏமாற்றிய பூசாரிணி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த மூவரையும் ஒரே தொண்டை தாங்கியது என்பதே வியப்பு. அதைவிட வியப்பு, அந்தத் தொண்டை குறையில்லாத ஒன்று அல்ல என்பது. பாஸ்டாவின் குரல் இயல்பில் தாழ்ந்தது. பயிற்சியினால் மேலே ஏற்றப்பட்டது. சில சுரங்கள் திரையிட்டது போல மங்கி ஒலித்தன. சில நாட்களில் சுருதி நழுவும். பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் அவரைப் பற்றி விரிவாக எழுதும்போது இந்தச் சமமின்மையை மன்னிக்க வேண்டிய குறையாகக் காட்டவில்லை. பல வண்ணங்களில் ஒலிக்கும் அந்தக் குரலுக்கு, ஒரே சீராக மினுங்கும் குரலால் எட்ட முடியாத உணர்ச்சிகள் எட்டுகின்றன என்பதே அவருடைய வாதம்.

நோர்மா பாடும் ‘காஸ்டா தீவா’ என்ற பாடல் தன் குரலுக்குப் பொருந்தாது என்று பாஸ்டா முதலில் தயங்கியதாகவும், ஒரு வாரம் தினமும் காலையில் பாடிப் பாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று பெல்லினி கேட்டுக்கொண்டதாகவும், வாரம் முடிந்தபோது பாஸ்டாவே மனம் மாறி அவருக்குப் பரிசும் கடிதமும் அனுப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, இன்று உலகம் முழுவதும் கச்சேரிகளில் தனிப்பாட்டாக உலவும் அந்தப் பாடல், எந்த விரலுக்கும் பொருந்தும் மோதிரமாகச் செய்யப்பட்டதல்ல என்பதை அது நன்றாகவே சொல்கிறது. முதல் நாள் அரங்கேற்றம் எடுபடவில்லை. முதல் அங்கத்தின் முடிவில் மேடை நிறையப் பாடகர் கூட்டத்தை நிறுத்தி முழங்கவைப்பதே அன்றைய வழக்கம். பெல்லினியோ மூவர் மட்டுமே பாடும் ஒரு சண்டையோடு திரையை இறக்கினார். முழு நீளக் குழுப்பாட்டை எதிர்பார்த்திருந்த மிலான் ரசிகர்கள் குளிர்ந்துபோனார்கள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் நிலைமை மாறி, அந்தப் பருவத்திலேயே முப்பதுக்கும் மேற்பட்ட முறை அது நடந்தது.

இனி, இந்தப் பாத்திரத்தில் அப்படி என்ன கடினம் என்று கேட்கலாம். உச்ச சுரங்கள் கடினம் என்பது வெளியே தெரியும் விடை. உண்மையில் அதைவிட உயரத்தில் பாட வேண்டிய பாத்திரங்கள் பல உண்டு. நோர்மா மேடைக்குள் நுழையும் முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவள் வந்ததும் பாடுவது பாட்டு அல்ல. கலகக் குரல் எழுப்பும் வீரர்களை அதட்டி அடக்கும் வசனம், சுருதியில் நின்று பேசும் ‘ரெசிட்டாட்டிவ்’ பகுதி. அதற்கு நடுஸ்தாயியில் அதிகாரம் வேண்டும். அது முடிந்த கையோடு புல்லாங்குழல் ஒரு மெட்டை எடுத்துக்கொடுக்க, நிலவை நோக்கிய பிரார்த்தனை தொடங்குகிறது. இதுதான் ‘காஸ்டா தீவா’. மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்று தெரியாத அளவுக்கு ஒரே இழையாக நீளும் வரிகள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடச் சற்று உயரத்தில் போய் இறங்குகிறது. பிறகு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, தாளத்தோடு மோதியபடி மேலேறி, ஒரு சுரம் கூடுதலாக எட்டிவிட்டுச் சரிந்து வருகிறது. பெல்லினி இதை முதலில் எழுதிய சுருதி இன்று வழக்கமாகப் பாடப்படுவதைவிட ஒரு முழுச் சுரம் உயரம். அந்தப் பிரார்த்தனை அடங்கியதும், கூட்டம் கேட்காதபடி தனக்குள் அவள் பாடும் வேகப் பகுதி வருகிறது. பழைய காதலோடு நீ என்னிடம் திரும்பி வா என்று மனத்துக்குள் பொல்லியோனேயை இறைஞ்சும் அந்த வரிகளில், சுரங்கள் பிருகாக்களாக உருண்டு விழுகின்றன.

ஒரே காட்சியில், கால்மணி நேரத்துக்குள், ஆணையிடும் தலைவி, வேண்டும் பக்தை, ஏங்கும் காதலி ஆகிய மூவரையும் காட்டியாக வேண்டும். இத்தனைக்கும் இது தொடக்கம் மட்டுமே. இதற்குப் பிறகு ஆதல்ஜீசாவுடன் இரண்டு நீண்ட இருவர்பாட்டுகள், சினம் கொதிக்கும் மூவர்பாட்டு, கத்தியோடு நிற்கும் தாயின் தனிமொழி, போர் முழக்கம், பொல்லியோனேயோடு நேருக்கு நேர் மோதல், சிதைக்கு முன் தந்தையிடம் பிள்ளைகளுக்காக மன்றாடும் இறுதிப் பகுதி என்று அவள் களைப்பாறவே இடமில்லை. ஜெர்மானியப் பாடகி லில்லி லெஹ்மன், 1876இல் பைராய்ட் நகரில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘மோதிரம்’ நாடகத் தொடர் முதன்முதலாக நடந்தபோது அதில் பாடியவர், பின்னாளில் அந்தத் தொடரின் மூன்று நாடகங்களில் வரும் போர்க்கன்னி புருன்ஹில்டே வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர். ஒரு நோர்மாவைப் பாடுவதைவிட மூன்று புருன்ஹில்டேக்களையும் ஒரே மாலையில் பாடிவிடலாம் என்று அவர் சொன்னது ஓப்பரா உலகில் பழமொழியாகவே ஆகிவிட்டது. வாக்னருக்கும் பெல்லினிக்கும் எட்டாத தூரம் என்று நினைப்பவர்கள், இளம் வாக்னர் ரீகா நகரில் 1837இல் தன் உதவிநிதி நிகழ்ச்சிக்கு ‘நோர்மா’வையே தேர்ந்து நடத்தினார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

பெல்லினி காலத்து இத்தாலியப் பாடல்முறையைக் குறிக்கும் ‘பெல் காந்தோ’ என்பதற்கு அழகிய பாட்டு என்பது நேர்ப்பொருள். அந்த அழகு ஒரு தொல்லையாகவும் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பெல்லினி, தோனிசெத்தி ஆகியோரின் நாயகிகள் பெரும்பாலும் மெலிந்த, பறவை போன்ற குரல்களின் கைக்குப் போய்விட்டார்கள். பிருகாக்கள் வித்தை காட்டும் இடமாகச் சுருங்கின. நோர்மா மட்டும் அந்தக் குரல்களுக்கு எட்டாமல் ஒதுங்கி நின்றாள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் 1927இல் ரோசா பொன்செல் பாடியது அந்த இடைக்காலத்தின் பெரிய விதிவிலக்கு. அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் துல்லியோ செராஃபின். இந்தப் பெயரை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து வேறொரு நோர்மாவுக்காக அவர் மீண்டும் வருவார்.

காலஸ் 1923 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 1937இல் தாயோடு ஏதென்ஸ் சென்று, அங்கே இசைக்கல்லூரியில் எல்விரா தெ ஹிதால்கோ என்ற ஸ்பானியப் பாடகியிடம் பயின்றார். ஹிதால்கோவுடையது மெல்லிய, வேகமான குரல். சிஷ்யையின் குரலோ கனத்தது, கருமையானது. கனத்த குரலைக் கனத்த பாடல்களுக்கே பழக்குவது எளிய வழி. ஹிதால்கோ அதைச் செய்யாமல், மெல்லிய குரல்களுக்கென ஒதுக்கப்பட்ட அடுக்குப் பயிற்சிகளையெல்லாம் அந்தக் கனத்த குரலைக்கொண்டு செய்யவைத்தார். தன் பாடம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் மற்ற மாணவர்களின் பாடங்களை நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டதாகக் காலஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிருகாவும் கார்வையும் குரலின் கனத்தைப் பார்த்து வருவதில்லை, சாதகத்தால் வருபவை என்பது கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் அன்றைய ஐரோப்பிய மேடையில் அது ஏறக்குறைய மறந்துபோன செய்தி.

1947இல் வெரோனா நகரத்துத் திறந்தவெளி அரங்கில் ‘லா ஜொகோண்டா’ வழியாக இத்தாலியில் அறிமுகமானபோது, அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் செராஃபின். அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று, இருபத்தைந்து வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, ஃபிளாரன்ஸ் நகரில் அதே செராஃபினின் கோலின் கீழ் காலஸ் தன் முதல் நோர்மாவைப் பாடினார். அதற்கான ஒத்திகைக் காலத்தில் செராஃபின் அவருக்குச் சொன்ன ஓர் அறிவுரையை, 1968இல் ஹேர்வுட் பிரபுவுக்கு அளித்த நேர்காணலில் அவர் நினைவுகூர்கிறார். இசையெல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போய் அந்த வசனப் பகுதிகளை உனக்கு நீயே பேசிப் பார், எங்கே அழுத்துகிறாய், எங்கே நிறுத்துகிறாய் என்று கவனி, நாளை வந்து அப்படிப் பாடு என்பதே அதன் சாரம். என்னைப் பொறுத்தவரை காலஸின் கலை முழுவதற்கும் இதுவே திறவுகோல். அவர் பாடிய நோர்மாவில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது பாட்டுகளுக்கு இடையில் வரும் அந்தப் பேச்சுப் பகுதிகளைத்தான். பெரும்பாலான பாடகிகள் அடுத்த பாட்டுக்குப் போகும் நடைபாதையாகவே அவற்றைக் கடக்கிறார்கள்; அவரோ அங்கேயே குடியிருக்கிறார்.

இந்த இடத்தில் வெனிஸைச் சொல்லாமல் நகர முடியாது. 1949 ஜனவரியில் லா ஃபெனீச்சே அரங்கில் செராஃபின் வாக்னரின் ‘வால்கியூர்’ நாடகத்தை, அன்றைய இத்தாலிய வழக்கப்படி இத்தாலிய மொழியில் நடத்திக்கொண்டிருந்தார், புருன்ஹில்டேயாகக் காலஸ். அதே பருவத்தில் பெல்லினியின் ‘இ பூரித்தானி’யில் எல்விராவாகப் பாட வேண்டியிருந்த மார்கெரிட்டா கரோசியோ காய்ச்சலில் படுத்துவிட, மாற்று ஆள் கிடைக்கவில்லை. காலஸ் சும்மா பியானோ முன் அமர்ந்து எல்விராவின் ஒரு பாட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்ததைச் செராஃபினின் மனைவி கேட்டுவிட்டார் என்றும், அதை அவர் கணவரிடம் சொன்னதுதான் வினை என்றும் சொல்வார்கள். செராஃபின் உடனே அந்தப் பாத்திரத்தைப் படிக்கச் சொன்னார். என் குரல் இதற்குக் கனம், இப்போது நான் புருன்ஹில்டே பாடிக்கொண்டிருக்கிறேன் என்று காலஸ் மறுத்தபோது, உன்னால் முடியும் என்பதற்கு நான் உத்தரவாதம் என்றார். ஒருபுறம் வாக்னர் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருக்க, மறுபுறம் எல்விராவைக் கற்று, ஜனவரி 19 அன்று மேடையேறினார். போர்க்கன்னியின் அறைகூவல் ஓய்ந்த சில நாட்களில், அதே தொண்டையிலிருந்து மனம் பேதலித்த மணமகளின் பிருகாக்கள் புறப்பட்டன. லெஹ்மன் ஒப்பிட்டுச் சொன்ன இரண்டு உலகங்களும் அந்த ஒரே வாரத்தில் அருகருகே வந்து நின்றன. இத்தாலி முழுவதும் பேச்சு பரவியது. இது ஒரு சாகசமாகவே இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் ஹிதால்கோவின் வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது சாகசமாகத் தோன்றியிருக்காது. பாடம் ஒப்பித்ததாகவே இருந்திருக்கும்.

லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் 1952 நவம்பர் 8 அன்று அவர் நோர்மாவாகவே அறிமுகமானார். விட்டோரியோ குய் நடத்திய அந்த நிகழ்ச்சியில், ஆதல்ஜீசாவாக அனுபவம் முதிர்ந்த எபே ஸ்டின்யானி பாடினார். நோர்மாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி குளோட்டில்டேக்குச் சில வரிகளே உண்டு; அந்த வரிகளைப் பாட நிறுத்தப்பட்டவர், முந்தைய நாள்தான் இருபத்தாறு வயது நிறைந்திருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண். பெயர் ஜோன் சதர்லாண்ட். 1959இல் அதே மேடையில், அதே செராஃபின் நடத்த, தோனிசெத்தியின் நாயகி ‘லூச்சியா’வாகப் பாடி ஒரே இரவில் உலகப் புகழ் பெற்று, பிறகு தானும் நோர்மாவாகப் பல ஆண்டுகள் வலம்வந்தவர். அந்த நாட்களின் நோர்மா நிகழ்ச்சிகளுள் ஒன்றின் நேரடி ஒலிப்பதிவு பிழைத்திருக்கிறது. இரைச்சல் மிகுந்த அந்தப் பதிவில், அடுத்த தலைமுறையின் நோர்மா இந்தத் தலைமுறையின் நோர்மாவுக்குப் பணிந்து பதில் சொல்லும் அந்தச் சில நொடிகளை நான் வேண்டுமென்றே பின்னோக்கித் தள்ளி மறுபடி கேட்பதுண்டு. சதர்லாண்டின் குரலே பிற்காலத்தில் சீரான அழகின் உச்சம் என்று கொண்டாடப்பட்டது. கீழிருந்து மேல்வரை ஒரே பட்டு. அவருடைய நோர்மாவைக் கேட்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் அந்தப் பெண் தன் பிள்ளைகளின் தலைமாட்டில் கத்தியோடு நிற்கிறாள் என்பது மறந்துபோகிறது.

1953, 1954 ஆண்டுகளில் காலஸ் தன் உடல் எடையில் ஏறக்குறைய முப்பது கிலோவைக் குறைத்தார். அவருடைய குரல் தேய்ந்ததற்கு அதுவே காரணம் என்று ஒரு கட்சி. இளவயதில் வாக்னரையும் வெர்தியையும் பெல்லினியையும் ஒருசேரச் சுமந்ததே காரணம் என்று மறு கட்சி. மெலிவதற்கு முந்தைய அந்தப் பெருங்குரலைப் பக்கத்தில் நின்று கேட்டவரான சதர்லாண்ட் முதல் கட்சியின் பக்கமே பேசியிருக்கிறார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மெலிந்த பிறகுதான் மேடையில் அவர் அசைவு முழுமை பெற்றது என்று நேரில் பார்த்தவர்கள் பலர் சொல்கிறார்கள்.

அந்தக் குரலும் அந்த அசைவும் ஒரு புள்ளியில் சந்தித்த இரவு என்று நான் கருதுவது 1955 டிசம்பர் 7, லா ஸ்காலாவின் பருவத் தொடக்க விழா. அன்டோனினோ வோட்டோ நடத்தினார். ஆதல்ஜீசாவாக ஜூலியெட்டா சிமியோனாட்டோ, பொல்லியோனேயாக மாரியோ தெல் மோனகோ. மேலே குரல் இன்னும் பாதுகாப்பாக நிற்கிறது; முதல் அங்கத்தின் முடிவில், மரபுப்படி சேர்க்கப்படும் ஓர் உச்ச சுரத்தைக் காலஸ் துணிந்து எறிகிறார். ஆனால் என்னை அந்தப் பதிவுக்குத் திரும்ப இழுப்பது அந்த எறிதல் அல்ல. இரண்டாம் அங்கத்தில் பொல்லியோனே சிறைப்பட்டு அவள் முன் நிற்கிறான். ‘கடைசியில் நீ என் கையில் அகப்பட்டாய்’ என்று தொடங்கும் அந்த இருவர்பாட்டை, வேறு எந்த இசையமைப்பாளராக இருந்தாலும் உயரத்தில், ஓசையோடு எழுதியிருப்பார். பெல்லினி அதை நோர்மாவின் கீழ்ஸ்தாயியில், ஏறக்குறைய ஓசையே இல்லாமல் எழுதினார். முதன்முறை கேட்டபோது புகை படிந்ததாக எனக்குத் தோன்றிய அதே கீழ்க்குரலை வைத்து, பழிவாங்கும் ஆசையையும் இன்னும் அணையாத காதலையும் ஒரே மூச்சில் காலஸ் சொல்கிறார். மினுங்கும் ஒரு குரலுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. அதைத் தொடர்ந்து, சபதம் தவறிய பூசாரிணியின் பெயரைக் கேட்டு மக்கள் ஆர்ப்பரிக்க, வாத்தியங்கள் அனைத்தும் அடங்கிய வெறுமையில் நோர்மா ‘சொன் இயோ’ என்கிறாள். ‘நான்தான்’ என்று பொருள். அதில் பிருகா இல்லை, உச்ச சுரம் இல்லை. சில நொடிகளில் முடிந்துவிடும். மூன்று மணி நேர வித்தைக்குப் பிறகு பெல்லினி வைத்த மிகக் கடினமான இடம் அதுதான் என்பது என் எண்ணம். ஏனென்றால், அதுவரை பேசிய தலைவி, காதலி, தாய் மூவரும் அந்தச் சொற்களில் ஒரே ஆளாக ஆக வேண்டும்.

புகழ் உச்சத்துக்குப் போன பிறகு வந்த அவதூறுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1958 ஜனவரி 2 அன்று ரோம் நகரில், குடியரசுத் தலைவர் ஜொவான்னி க்ரோங்கி அமர்ந்திருந்த அரங்கில், முதல் அங்கம் முடிந்ததும் தொண்டை ஒத்துழைக்காமல் காலஸ் விலகிக்கொண்டார். மாற்றுப் பாடகி யாரும் ஏற்பாடாகியிருக்கவில்லை, நிகழ்ச்சி நின்றது, விடுதி வாசல்வரை மக்கள் வந்து கூச்சலிட்டார்கள், செய்தித்தாள்கள் அதைத் திமிர் என்றன. நோர்மாவின் முதல் அங்கத்தை மட்டும் பாடிவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கக்கூடிய சொப்ரானோக்கள், அதாவது உயர்குரல் பாடகிகள், அந்த ஆண்டில் உலகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1960 செப்டம்பரில் செராஃபினோடு அவர் ‘நோர்மா’வை இரண்டாம் முறை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். இம்முறை ஆதல்ஜீசா கிறிஸ்டா லூட்விக், பொல்லியோனே ஃப்ராங்கோ கொரெல்லி. உச்ச சுரங்களில் ஆட்டம் வெளிப்படையாகவே கேட்கிறது. நீண்டு நிற்க வேண்டிய இடங்களில் சுரம் அலைந்து கலங்குகிறது. ஆனால் பிள்ளைகளின் படுக்கையருகே வரும் தனிமொழியை 1954ஐயும் 1960ஐயும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், முந்தையது ஒரு மாபெரும் பாடகியின் சாதனையாகவும் பிந்தையது தூங்கும் குழந்தையின் முகத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்ட ஒருத்தியின் பேச்சாகவும் தோன்றுகிறது. எதைச் சிறந்தது என்பது என்று ரசிகர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். அழகுக்காக ஒன்றை வாங்கலாம் என்றால் 1954. நோர்மாவுக்காக ஒன்றை வாங்கலாம் என்றால் 1960 என்று நான் என் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

பாஸ்டாவின் முடிவும் இந்தப் பாதையிலேயே இருந்தது என்பதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. குரல் முற்றிலும் சிதைந்துபோன நிலையில், 1850இல் அவர் லண்டன் மேடையில் ‘அன்னா பொலேனா’வின் பகுதிகளைப் பாடினார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அன்றுதான் அவரை முதன்முறையாகக் கேட்ட போலின் வியார்டோ, தானும் பெரும் பாடகியானவர், கண்ணீரோடு அதை மிலானில் இருக்கும் லியனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்துக்கு ஒப்பிட்டார். அந்த ஓவியம் சிதைந்துபோனது, ஆனாலும் உலகின் மாபெரும் ஓவியம் அதுதான் என்றார். 1957 ஏப்ரலில் லா ஸ்காலாவில், விஸ்கோந்தியின் இயக்கத்தில், நெடுங்காலம் மறந்துகிடந்த அதே ‘அன்னா பொலேனா’வை உயிர்ப்பித்தவரும் காலஸ்தான். ‘லா சொன்னாம்புலா’வையும் அவர் அதற்கு முன்பே அங்கே பாடியாயிற்று. பாஸ்டாவுக்கென அந்த ஓராண்டில் பிறந்த மூன்று பாத்திரங்களும், நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இன்னொரு சமமற்ற குரலிடம் வந்து சேர்ந்தன.

பாரிஸ் ஓப்பராவில் 1964 மே மாதம் ஸெஃபிரெல்லியின் இயக்கத்தில் காலஸ் மீண்டும் நோர்மாவாக வந்தார். ஓர் இரவில் உச்ச சுரம் ஒன்று உடைந்தது. அரங்கில் கூச்சல் எழுந்தது. அவர் கையை உயர்த்தி வாத்தியக் குழுவை நிறுத்தி, அதே இடத்தை மறுபடி எடுத்துப் பாடினார். ரசிகர்களுக்குள் கைகலப்பே நடந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு மே மாதமும் அதே மேடை, அதே வேடம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உடல் தளர்ந்துகொண்டே வந்தது. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. மே 29 அன்று, பிள்ளைகளின் காட்சியும் ஆதல்ஜீசாவோடு பாடும் இருவர்பாட்டும் முடிந்து திரை விழுந்தபோது, அவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட முறை, வேறெந்தப் பாத்திரத்தையும்விட அதிகமாக, அவர் ஏற்று நடித்த பாத்திரம் அது. இறுதிக் காட்சி அன்று நடக்கவில்லை. ‘சொன் இயோ’ என்ற அந்தச் சொற்கள் பாடப்படாமலே, சிதை மூட்டப்படாமலே, பாரிஸ் ரசிகர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 5 அன்று, லண்டனில் ஒரே ஒரு முறை ‘தோஸ்கா’ பாடினார். அதுவே அவருடைய கடைசி ஓப்பரா.